ஓர்கா காட்சிக்கு மகளைக் கூட்டிப்போகலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். நீங்கள் சியாட்டில் பக்கம் இருக்கிறீர்கள், கோடை விடுமுறைக்கு சான் டியேகோ போகிறீர்கள். எட்டு வயது மகள், சீவேர்ல்டு என்ற கடல் விலங்குக் காட்சிப் பூங்காவில் ஓர்காவை, அதாவது 'கொலைகாரத் திமிங்கிலம்' என்று சொல்வார்களே அதை, பார்த்தே ஆகவேண்டும் என்கிறாள். உங்கள் தங்கை, "பாவம் அதுங்க, அங்க போகாதீங்க" என்கிறார். நேரத்துக்குச் சாப்பாடு, பக்கத்திலேயே மருத்துவர், குழந்தைகளுக்கும் நாலு விஷயம் தெரிகிறது, இதில் என்ன தவறு என்று கேட்கிறீர்கள். தவறுதான் என்றால் ஏன் இன்னும் கடலில் திறந்துவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்றும் கேட்கிறீர்கள்.

தவறு என்பதுதான் என் பதில். ஆனால் பலரும் முதலில் சொல்வது தொட்டி சின்னது என்ற காரணத்தை. அது உண்மைதான். ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் நீந்தக்கூடிய உடம்பு அது. நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு மூழ்கக்கூடியது. ஆனால் தொட்டியைப் பத்து மடங்கு பெரிதாகக் கட்டிவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டால் இந்த வாதம் தடுமாறும். நான் வேறு இடத்தில் தொடங்குகிறேன். உங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இடம் அது.

விட்பி தீவில் பென் கோவ் என்று ஒரு குடா இருக்கிறது. 1970 ஆகஸ்ட் 8 அன்று அங்கே எண்பதுக்கும் மேற்பட்ட ஓர்காக்களை விரட்டிக்கொண்டுவந்து அடைத்தார்கள். வேகப்படகுகள், மேலே விமானம், தண்ணீருக்குள் வெடிகள். வலைபோட்டுத் தாய்களைக் குட்டிகளிடமிருந்து பிரித்தார்கள். குட்டிகள்தான் வேண்டும், ஏனென்றால் லாரியிலும் விமானத்திலும் ஏற்றுவதற்கு அவைதான் தோதான அளவு. பிரிக்கப்பட்ட பெரியவை வலைக்கு வெளியே கத்திக்கொண்டே அங்கேயே சுற்றிவந்ததைக் கரையில் நின்றவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஏழு ஓர்காக்களை விற்றார்கள். வலையில் சிக்கி இறந்த சிலவற்றின் வயிற்றைக் கிழித்து, கல் நிரப்பி, சங்கிலி கட்டி ஆழத்தில் போட்டார்கள். வெளியே தெரியக்கூடாது என்பதற்காக. சில மாதங்கள் கழித்து உடல்கள் கரை ஒதுங்கி எல்லாம் தெரிந்துபோயிற்று.

விற்கப்பட்ட ஏழில் ஒன்று, ஏறத்தாழ நான்கு வயதுப் பெண் குட்டி. டோகிடே என்று பெயர் வைத்தார்கள். மயாமி சீக்வேரியம் என்ற காட்சியகத்துக்குப் போனதும் மேடைப்பெயராக லோலிடா ஆக்கினார்கள். அங்கே இருந்த தொட்டி 80 அடி நீளம், 35 அடி அகலம், ஆழமான இடத்தில் 20 அடி. வளர்ந்தபின் டோகிடேயின் நீளமும் ஏறக்குறைய 20 அடிதான். தலைகீழாக நின்றால் மூக்கு தரையில் இடிக்கும், வால் தண்ணீருக்கு மேலே தெரியும். முதலில் ஹியூகோ என்ற ஆண் ஓர்கா துணைக்கு இருந்தது. ஹியூகோ தொட்டிச் சுவரில் தலையை மோதிக்கொள்ளும் பழக்கம் கொண்டது. 1980-ல் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்தது. அதற்கப்புறம் 43 வருடங்கள் டோகிடே இன்னொரு ஓர்காவைப் பார்க்கவே இல்லை. துணைக்கு வேறு வகை டால்பின்களை விட்டார்கள். ஓர்காவும் வகைப்பாட்டில் டால்பின் குடும்பம்தான், 'கொலைகாரத் திமிங்கிலம்' என்பது ஒட்டிக்கொண்ட பெயர். ஆனால் ஒரே குடும்பம் என்பதால் மொழி புரிந்துவிடாது.

மொழி என்று சொன்னது உவமைக்காக அல்ல. டோகிடேயைப் பிடித்தபோது இந்த விலங்கைப் பற்றி மனிதர்களுக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். 1970களின் தொடக்கத்தில்தான் மைக்கேல் பிக் என்ற கனடிய ஆய்வாளர் முதுகுத் துடுப்பின் வடிவத்தையும், அதன் பின்னால் உள்ள சாம்பல் நிறத் திட்டையும் புகைப்படம் எடுத்து, ஒவ்வொரு ஓர்காவையும் தனித்தனியாக அடையாளம் காண ஆரம்பித்தார். கடலில் ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தவை சில நூறுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்ததில் இன்னொன்றும் தெரியவந்தது. உங்கள் கடற்கரைக்கு வரும் ஓர்காக்கள், மகனானாலும் மகளானாலும், தாயின் குடும்பத்தைவிட்டுப் போவதே இல்லை. இணைசேர வேறு குடும்பத்தைத் தேடும், வேலை முடிந்ததும் அம்மாவிடம் திரும்பிவிடும். நாற்பது வயது மகன் அம்மா பக்கத்தில் நீந்திக்கொண்டிருப்பது அங்கே சாதாரணக் காட்சி. ஜே, கே, எல் என்று மூன்று குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அழைப்பொலிகள். குட்டி அவற்றைக் கூட இருப்பவர்களிடமிருந்து கேட்டுக் கற்றுக்கொள்கிறது.

2012-ல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மறக்காது. தாய் இறந்தால், அடுத்த ஒரு வருடத்துக்குள் முப்பது வயது தாண்டிய மகன் சாவதற்கான வாய்ப்பு சுமார் 14 மடங்கு கூடுகிறது. மகளுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு. நன்றாக வளர்ந்த, டன் கணக்கில் எடையுள்ள ஆண் விலங்கு, அம்மா போனதும் தானும் போய்விடுகிறது. மீன் எங்கே கிடைக்கும் என்ற அறிவு வயதான பெண்களிடம் இருப்பது இதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். குட்டிபோடும் வயது முடிந்தபின்னும் பல பத்தாண்டுகள் வாழும் மிகச் சில உயிரினங்களில் ஓர்காவும் ஒன்று. அந்தப் பாட்டிகள் சும்மா இருப்பதில்லை. சால்மன் மீன் குறைந்த வருடங்களில் கூட்டத்தின் முன்னால் போவது பெரும்பாலும் அவர்கள்தான்.

இப்போது உங்கள் "சாப்பாடு, மருத்துவர்" வாதத்துக்கு வருகிறேன். நாலு வயதில் டோகிடேயிடமிருந்து பறித்தது தண்ணீரை மட்டும் என்றால் தண்ணீரைப் பெரிதாக்கிக் கொடுத்துப் பரிகாரம் செய்யலாம். பறித்தது அம்மாவை, பாட்டியை, பேச்சை. அதற்கு எந்தத் தொட்டியும் ஈடாகாது. யானையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. அதுவும் பாட்டி தலைமையில் நடக்கிற கூட்டம். கோயில் வாசலில் தனியாக நிற்கிற யானையிடம் பழம் கொடுத்து ஆசி வாங்கியிருக்கிறோம், இதன் குடும்பம் எங்கே என்று நான் சின்ன வயதில் ஒருநாளும் கேட்டதில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. உறையவைத்த மீன் கொடுக்கிறார்கள். உறையவைத்த மீனில் நீர்ச்சத்தும் வைட்டமினும் குறைந்துவிடும், அதை ஈடுகட்ட ஜெலட்டினும் வைட்டமின் மாத்திரையும் கொடுக்கிறார்கள். வேலையில்லாத விலங்கு தொட்டியின் கான்கிரீட் விளிம்பையும் கம்பியையும் கடித்துக்கொண்டிருக்கும், பல் உடையும், தேயும். உடைந்த பல்லைத் துளைபோட்டு, சீழ் பிடிக்காமல் இருக்கத் தினமும் கழுவிவிடுகிறார்கள். மருத்துவர் அக்கறையாகத்தான் செய்கிறார், சந்தேகமில்லை. அந்த மருத்துவத்துக்குத் தேவை வந்ததே தொட்டியால் என்பதுதான் விஷயம்.

சான் டியேகோவில் உங்கள் மகள் பார்க்கப்போவது யாரை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே கார்க்கி என்ற ஓர்காவை 1987-ல் கொண்டுவந்தார்கள். உங்களுக்கு வடக்கே, பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெண்டர் ஹார்பரில் 1969 டிசம்பரில் பிடிபட்டது, அப்போது அதற்கும் ஏறத்தாழ நான்கு வயது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தொட்டி வாழ்க்கை. ஏழு முறை கருவுற்றது, பிறந்த எந்தக் குட்டியும் இரண்டு மாதம் தாண்டவில்லை. முதல் குட்டிக்குப் பாலூட்டவே வரவில்லை. கடலில் இளம் தாய் தன் அம்மாவையும் அக்காவையும் பார்த்துக் கற்றுக்கொள்வதைக் கார்க்கி யாரிடம் போய்க் கற்றிருக்கும்?

நேர்மையாக இருப்பதென்றால் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஓர்காவை நாம் நேசிக்கக் கற்றுக்கொண்டதே சிறைப்பட்ட ஓர்காக்களால்தான். 1960 வாக்கில் அதற்கு நண்பர்களே கிடையாது. சால்மனைத் தின்கிறது என்று மீனவர்கள் கண்ட இடத்தில் சுட்டார்கள். 1961-ல் கனடா மீன்வளத் துறை சீமோர் நாரோஸ் என்ற நீரிணைக் கரையில் ஓர்காக்களைச் சுட இயந்திரத் துப்பாக்கியே நிறுத்திவைத்தது. நல்லவேளை, சுடவில்லை. 1964-ல் வான்கூவர் அக்வேரியத்துக்குச் சிலை செய்ய ஒரு மாதிரி வேண்டும் என்று சிற்பி ஒருவரை அனுப்பி, ஓர்காவைக் கொன்று எடுத்துவரச் சொன்னார்கள். ஈட்டி பாய்ந்தது, ஆனால் அது சாகவில்லை. ஈட்டிக் கயிற்றோடேயே வான்கூவருக்கு இழுத்துவந்து கடலோரத்தில் கட்டிய அடைப்பில் வைத்தார்கள். பெண் என்று நினைத்து மோபி டால் என்று பெயர். இறந்தபின் அறுத்துப் பார்த்ததில் ஆண்! கிட்டத்தட்ட இரண்டு மாதம் எதையும் தின்னவில்லை, மூன்று மாதம் முடிவதற்குள் செத்துப்போயிற்று. அந்தக் கொஞ்ச காலத்தில், ஊருக்கே பயமாக இருந்த மிருகம் கையிலிருந்து மீன் வாங்கித் தின்பதை உலகம் பார்த்துவிட்டது. எதிரி என்று எண்ணிய மனம் மாறத் தொடங்கியது அங்கேதான்.

அதனால், "காட்சிகளால் ஒரு பயனும் இல்லை" என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பயன் இருந்தது, அதற்கு விலை கொடுத்தது யார் என்பதுதான் கேள்வி. அந்தப் பாடத்தை 1970களிலேயே படித்து முடித்துவிட்டோம். 1976-ல் ஒலிம்பியா அருகே பட் இன்லெட்டில் ஓர்காக்களை வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்தபோது, அந்த வழியாகப் படகில் போன ரால்ஃப் மன்ரோ என்பவர் கண்ணெதிரே பார்த்துவிட்டார். அவர் வாஷிங்டன் மாநில ஆளுநரின் உதவியாளர். வழக்கு வந்தது, வாஷிங்டன் கடலில் இனிப் பிடிப்பதில்லை என்று சீவேர்ல்டு ஒத்துக்கொள்ளவேண்டி வந்தது. தொழில் நின்றுவிடவில்லை, ஐஸ்லாந்துக்கு இடம் மாறியது. அதற்குள் உங்கள் பக்கத்துக் கூட்டத்தில் ஒரு தலைமுறைக் குட்டிகளே இல்லாமல் போயிருந்தன. தெற்குக் குழுக்கள் என்று சொல்லப்படும் அந்த ஜே, கே, எல் மூன்றிலும் சேர்த்து இன்று எழுபத்து சொச்சம்தான். சால்மன் குறைவும் கடல் மாசும் கப்பல் இரைச்சலும் சேர்ந்த கதை அது. ஆனாலும் வளர்ந்து குடும்பம் பெருக்க வேண்டிய குட்டிகளை அள்ளிக்கொண்டு போனதில்தான் அது தொடங்கியது.

"குழந்தைகள் கற்றுக்கொள்கிறார்கள்" என்பது இன்று எவ்வளவு நிற்கும்? காட்சியில் ஆண் ஓர்காவின் முதுகுத் துடுப்பு ஒருபக்கமாக மடிந்து தொங்கும். தொட்டியில் வளரும் ஆண்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் அப்படித்தான், கடலில் அது அபூர்வம். ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் துடுப்பை, தொங்குவதுதான் அதன் இயல்பு என்று குழந்தை மனதில் பதித்துக்கொண்டு வரும். சின்ன வயதில் சர்க்கஸில் சிங்கம் ஸ்டூலில் உட்காருவதைப் பார்த்தவன் நான். சிங்கத்தைப் பற்றி அதிலிருந்து தெரிந்துகொண்டது என்ன என்று யோசித்தால், சாட்டையைக் கண்டால் பயப்படும் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தக் காட்சிகளை 1998-ல் இந்திய அரசு தடைசெய்தது, 2001-ல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. சர்க்கஸ் இல்லாமல் வளர்ந்த இன்றைய பிள்ளைகளுக்குச் சிங்கம் தெரியாமல் போய்விடவில்லை.

பயிற்சியாளர்களைக் கொடுமைக்காரர்களாக நினைக்கவேண்டாம். பெரும்பாலோர் அந்த விலங்குகளின் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள், சிலர் உயிரையே கொடுத்தவர்கள். டிலிகம் என்ற ஆண் ஓர்காவை 1983-ல் ஐஸ்லாந்துக் கடலில் இரண்டு வயதில் பிடித்தார்கள். 1991, 1999, 2010 என்று மூன்று மனித மரணங்களில் அது சம்பந்தப்பட்டது. மூன்றாவது, ஆர்லாண்டோவில் டான் பிராஞ்சோ என்ற அனுபவமிக்க பயிற்சியாளர். ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் 2009-ல் இன்னொரு ஓர்கா இன்னொரு பயிற்சியாளரைக் கொன்றது. கடலில் ஓர்கா ஒரு மனிதரைக் கொன்றதாக இதுவரை பதிவே கிடையாது. இதை வைத்துப் பழிவாங்கல், பைத்தியம் என்று கதை கட்ட எனக்கு விருப்பமில்லை, அதன் மனதுக்குள் நாம் போய்ப் பார்த்ததில்லை. ஆனால் அந்த விலங்கு வளர்ந்த விதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல ரொம்பத் துணிச்சல் வேண்டும். தடுப்பு இல்லாமல் பயிற்சியாளர்கள் ஓர்காக்களை நெருங்கி வேலை செய்யக்கூடாது என்ற அரசின் நிலையை 2014-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றது. 2016-ல் சீவேர்ல்டு ஓர்கா இனப்பெருக்கத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. அங்கே இப்போது இருப்பவைதான் கடைசித் தலைமுறை.

இந்தியாவைப் பற்றி ஒரு சின்ன திருத்தம். "டால்பின்களை மனிதரல்லாத நபர்கள் என்று இந்தியா சட்டமே போட்டுவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். 2013 மே மாதம் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை அது, டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி தரவேண்டாம் என்றது. அந்தச் சொற்றொடர் அதில் ஒரு வாதமாக வருகிறது, உரிமை எதையும் சட்டமாக வழங்கவில்லை. சுற்றறிக்கைக்கு நம் ஊரிலேயே ஒரு முன்கதை உண்டு. 1990களின் இறுதியில் சென்னைக்கு அருகே ஒரு பூங்காவுக்குப் பல்கேரியாவிலிருந்து டால்பின்களைக் கொண்டுவந்தார்கள். சில மாதங்களிலேயே எல்லாம் செத்துப்போயின.

சரி, திறந்துவிட்டால் என்ன? இதுதான் கடினமான பகுதி. இங்கே எனக்கும் சுலபமான பதில் இல்லை.

கெய்கோ என்ற ஆண் ஓர்காவில் முயன்று பார்த்தார்கள். 1979-ல் ஐஸ்லாந்தில் பிடிபட்டு, கனடா வழியாக மெக்சிகோ நகரத்துக்குப் போய், ஒரு ஹாலிவுட் படத்தில் நடித்து, அந்தப் படத்தைப் பார்த்த குழந்தைகள் உண்டியல் உடைத்து அனுப்பிய காசும் சேர்ந்து விடுதலைக்கு வழி பிறந்தது. 1998-ல் ஐஸ்லாந்தில் கடல் அடைப்புக்குக் கொண்டுபோனார்கள். 2002 கோடையில் அடைப்பைவிட்டு வெளியேறி நார்வே வரை தானாக நீந்திப் போயிற்று. போன இடத்தில் என்ன செய்தது தெரியுமா? மனிதர்களைத் தேடியது. ஃபியோர்ட் என்கிற குறுகிய கடற்கழியில் குழந்தைகள் அதன் முதுகில் ஏறி விளையாடினார்கள். காட்டு ஓர்காக் கூட்டம் எதிலும் அது நிலையாகச் சேரவில்லை. 2003 டிசம்பரில் நிமோனியாவில் இறந்தது. தோல்வி என்பார்கள் சிலர், கடைசி ஐந்து வருடமாவது கடலில் இருந்ததே என்பார்கள் சிலர். நான் இரண்டாவது கட்சி, கொஞ்சம் தயக்கத்தோடு.

இதற்கு நேர்மாறாக, 2002-ல் உங்கள் சியாட்டில் பக்கம் ஸ்பிரிங்கர் என்ற அநாதைக் குட்டி தனியாகத் திரிந்துகொண்டிருந்தது. அதன் அழைப்பொலியைக் கேட்டே எந்தக் குடும்பம் என்று கண்டுபிடித்தார்கள். வடக்கே ஜான்ஸ்டோன் நீரிணைக்குக் கொண்டுபோய், உறவினர்கள் அந்தப் பக்கம் வந்த நேரம் பார்த்து விட்டார்கள். சேர்த்துக்கொண்டன. பின்னாளில் ஸ்பிரிங்கரும் குட்டி ஈன்றது. ஒரு வித்தியாசம்தான்: ஸ்பிரிங்கரின் பேச்சும் உறவும் அறுந்து சில மாதங்களே ஆகியிருந்தன, கெய்கோவுக்கு இருபது வருடம். தொட்டியிலேயே பிறந்தவற்றுக்கோ அறுவதற்குக்கூட ஒன்றும் இல்லை. அவற்றைக் கடலில் விட்டுவிட்டு வந்தால் அது கைவிடுதல்தான்.

அதனால்தான் மூடும் பூங்காக்கள் சிக்கலில் மாட்டுகின்றன. திமிங்கிலங்களையும் டால்பின்களையும் காட்சிக்கு அடைத்துவைப்பதற்கு எதிராகக் கனடா 2019-ல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. நயாகரா அருவிப் பூங்காவில் ஒரு மூலையில் கிஸ்கா என்ற ஓர்கா மட்டும் 2011 முதல் துணையின்றித் தனியாக இருந்து, 2023-ல் இறந்தது. அதே பூங்காவின் முப்பது பெலூகா திமிங்கிலங்களைச் சீனாவுக்கு அனுப்ப 2025 அக்டோபரில் கனடா அரசு அனுமதி மறுத்தது. அங்கேயும் வேடிக்கைதான் காட்டுவார்கள் என்பது காரணம். பணமில்லை, இனிக் கருணைக்கொலைதான் என்றது பூங்கா. அரசு செய்தது சரிதான். ஆனால் சரியான முடிவை எடுத்துவிட்டு அந்த முப்பதின் சாப்பாட்டுச் செலவை யாரும் ஏற்காமல் நின்றது சரியில்லை. தடைபோடும்போதே கடலோரத்தில் அடைப்புக் கட்டவும், சாகும்வரை பராமரிக்கவும் பணம் ஒதுக்கியிருக்கவேண்டும். சம்பாதித்தவர்களிடம்தான் முதலில் வசூலிக்கவேண்டும். பிரான்ஸிலும் இதே கதை. ஆன்டிப் பூங்கா 2025 ஜனவரியில் மூடிற்று, அங்கிருந்த தாய் ஓர்காவுக்கும் மகனுக்கும் போக்கிடம் தேடி இழுபறி.

டோகிடேக்கு 2023 மார்ச்சில் நல்ல செய்தி வந்தது. பூங்காவின் புதிய உரிமையாளர்களே அதைச் சொந்தக் கடலுக்குக் கொண்டுபோக ஒப்புக்கொண்டார்கள், செலவுக்குப் பணக்காரர் ஒருவர் முன்வந்தார். எல் குழுவில் ஓஷன் சன் என்ற மிக மூத்த ஓர்கா அப்போதும் உயிரோடு இருந்தது. அதுதான் டோகிடேயின் தாய் என்று பலர் நம்பினார்கள். ஐம்பது வருடத்துக்குப் பிறகும் டோகிடே எல் குழுவின் ஒலிகளையே எழுப்பிக்கொண்டிருந்தது என்று அதைக் கேட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆகஸ்ட் 18 அன்று மயாமித் தொட்டியிலேயே இறந்துவிட்டது. அதைத் தங்கள் உறவாகக் கருதிய லம்மி பழங்குடியினர் சாம்பலை வாங்கிவந்து செப்டம்பரில் சேலிஷ் கடலில் கரைத்தார்கள்.

உங்கள் மகளுக்கு ஓர்காவைக் காட்டாமல் இருக்கச் சொல்லவில்லை. அனகோர்ட்டஸிலிருந்து ஃபெர்ரி பிடித்து, சான் வான் தீவில் உள்ள ஃப்ரைடே ஹார்பர் போங்கள். அந்த ஊரிலேயே திமிங்கில அருங்காட்சியகம் ஒன்று உண்டு, துடுப்புப் படங்களையும் குடும்ப மரங்களையும் அங்கே பார்த்துவிட்டுப் புறப்பட்டால் நல்லது. தீவின் மேற்குக் கரையில் லைம் கில்ன் பாயிண்ட் என்று கலங்கரை விளக்கத்தோடு ஒரு பூங்கா இருக்கிறது. பாறையில் உட்கார்ந்தே பார்க்கலாம், படகு வேண்டாம். இப்போது வாஷிங்டன் சட்டப்படி தெற்குக் குழு ஓர்காக்களிடமிருந்து படகுகள் 1000 கெஜம் தள்ளித்தான் நிற்கவேண்டும், எனவே கரைதான் மேல். பைனாகுலரும் ஜாக்கெட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், கோடையிலும் அங்கே காற்று குளிரும். காருக்கு டிஸ்கவர் பாஸ் என்ற மாநிலப் பூங்கா அனுமதிச் சீட்டு வேண்டும். சால்மன் குறைந்ததிலிருந்து முன்புபோல அடிக்கடி வருவதில்லை, நாள் முழுக்க உட்கார்ந்தும் வராமல் போகலாம். இதை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.